ஊருக்கு மணம், நாக்குக்குப் புகை

சங்கீதத்துக்கு விமரிசகர்கள் இருக்கிறார்கள். நாட்டியத்துக்கு இருக்கிறார்கள். காப்பிக்கோ, வீட்டுக்கு ஒருவர் வீதம் நாடெங்கும் இருக்கிறார்கள். டிகாக்ஷன் இறங்கும்போதே, "இன்றைக்குச் சிக்கரி கொஞ்சம் தூக்கல்" என்று கூடத்தில் உட்கார்ந்தபடி தீர்ப்புச் சொல்லிவிடும் நிபுணர்களை நம் நேயர்கள் நன்றாக அறிவார்கள். ஆனால் புகைக்கு விமரிசகர் உண்டா? அதை முகர்ந்து, நாவில் வாங்கி, அது அடங்கிய பின் சாம்பலையும் கிளறிப் பார்த்து, "இது இவ்வளவு தேறும்" என்று மார்க்குப் போடுகிறவர் உண்டா?

உண்டு. மேல்நாடுகளில் சுங்கான் பிடிப்பவர்களில் ஒரு சாரார் இதை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்திருக்கிறார்கள். சுங்கான் என்பது 'பைப்' என்று இப்போது நாம் சொல்லும் புகைக் குழாய்க்குத் தமிழில் வழங்கிய பெயர். புதிய புகையிலை டப்பா ஒன்று வந்துவிட்டால் இந்த ரஸிகர்கள் உடனே பற்ற வைத்துவிட மாட்டார்கள். டப்பாவைத் திறந்ததும் எழும் மணம் ஒன்று. நாக்கில் தெரியும் சுவை இரண்டு. அறையில் பரவி நிற்கும் வாசனை மூன்று என்று பிரித்துப் பிரித்துக் குறிப்பு எழுதுவார்கள். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். அவை ஒத்துப் போகாத இடத்தில்தான் நாம் இவ்வாரம் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

அப்படிப்பட்ட பரீட்சை ஒன்றை அண்மையில் பாடாலூரில் கிட்ட இருந்து பார்க்க நேர்ந்தது. பரீட்சைக்கு வந்த சரக்கு, ஒயின் வாசனை ஏற்றிய சுங்கான் புகையிலை. "குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் புகையிலைக்கு என்ன வேலை?" என்று நம் சகோதரிகள் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். சற்றுப் பொறுத்துப் படித்தால், இது அவர்களுடைய அலமாரியைப் பற்றிய விஷயம் என்பது விளங்கும்.

திருச்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு முன்னால் வருவது பாடாலூர். சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பூமி. இந்த ஊரையும் புகையிலையையும் எதற்காக முடிச்சுப் போட வேண்டும் என்றால், 1995-ஆம் ஆண்டில் பெரம்பலூர் தனி ஜில்லாவாகப் பிரியும் வரையில் பாடாலூர் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்த ஜில்லாவின் பெயரைக் கடல் கடந்து கொண்டு சென்றது மலைக்கோட்டை அன்று, சுருட்டு! திண்டுக்கல் பக்கத்து இலையைக் கொண்டு திருச்சியிலும் உறையூரிலும் சுருட்டிய சுருட்டுகள் 'டிரிச்சினாப்பள்ளி' என்ற பெயரோடே லண்டன் கடைகளை எட்டின. ஆங்கிலேயர் 'செரூட்' என்று சொல்வதே நம் 'சுருட்டு' என்ற சொல்தான். கானன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த கருத்த, செதில் செதிலான சாம்பலைப் பார்த்தே, "இது டிரிச்சினாப்பள்ளிச் சுருட்டு" என்று துப்பறிவாளர் கண்டுபிடித்துவிடுகிறார். சாம்பலான பிறகுகூடத் தன் பெயரை மறைக்காத சரக்கு அது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு நேயர்கள் மேலே வரவேண்டும்.

பாடாலூரில் நமக்கு ஒரு நண்பர் இருக்கிறார். கப்பலில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷமாகச் சுங்கான் அவர் வாயிலும், சுங்கானை எதிர்த்து அவர் தாயாரின் வசை அந்த வீட்டிலும் நிலைத்திருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் ஊருக்கு வந்தபோது, 50 கிராம் டப்பா ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"ஸார், நீங்கள் முகருங்கள், நான் பிடிக்கிறேன். இரண்டு பேருமாகத் தீர்ப்பு எழுதிவிடுவோம்" என்றார் நண்பர். வேலைப் பங்கீடு நமக்குச் சம்மதமாகவே இருந்தது.

டப்பாவின் மூடியைத் திறந்ததும் திண்ணை முழுவதும் மணந்தது. உலர்ந்த திராட்சை, பாகு காய்ச்சும் வாணலி, கிறிஸ்துமஸ் கேக் இந்த மூன்றும் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தன. இலையின் நிறம் கறுப்பும் பழுப்பும் கலந்தது. நண்பர் ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே அழுத்தி விட்டார். நல்ல பதமாக இருந்தால் அழுத்திய இலை தானாகப் பிரிந்து கொள்ளவேண்டுமாம். இதுவோ பிடித்த பிடியிலேயே நின்றது. "ஈரம் அதிகம்" என்று சொல்லி, ஒரு காகிதத்தில் பரப்பி அரைமணி நேரம் உலர்த்தினார்.

அந்த அரைமணி நேரத்தில் இந்த மணம் இலைக்குள் எப்படி வந்தது என்பதைப் பேசிக்கொண்டிருந்தோம். புகையிலையில் ஜாதிகள் பல. 'வர்ஜீனியா' என்பதைச் சூட்டறையில் உலர்த்துகிறார்கள். அதனால் இலையில் உள்ள சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. 'பர்லி' என்பதை நிழலில் காற்றாட உலர்த்துகிறார்கள். அதில் சர்க்கரை ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. ஆனால் அது பஞ்சு போன்ற இலை. எதை ஊற்றினாலும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே வாசனைப் புகையிலை செய்கிறவர்களுக்குப் பர்லி செல்லப்பிள்ளை. சர்க்கரை, தேன், பழச்சாறு, ஒயின் அல்லது ஒயினைப் போல மணக்கும் சத்து ஆகியவற்றை இலையில் ஊற வைத்து, நீராவி காட்டி, அழுத்தி வைக்கிறார்கள். இலை கறுத்து மிருதுவாகிறது. 'கேவண்டிஷ்' என்பது இந்தப் பக்குவத்தின் பெயர். கடைசியில், டப்பாவில் அடைக்கும் முன், இன்னொரு முறை வாசனையை மேலே தெளிக்கிறார்கள். ஈரம் காயாமல் இருப்பதற்காகக் கிளிசரின் போன்ற பொருள்களையும் சேர்க்கிறார்கள். முதல் ஊறல் இலையின் காரத்தைத் தணிப்பதற்கு. மேல் தெளிப்பு மூக்கை மயக்குவதற்கு.

இது மேல்நாட்டாரின் கண்டுபிடிப்பு என்று நாம் மலைக்கவேண்டியதில்லை. லக்னோ முதலிய வடநாட்டு நகரங்களில் உக்காவுக்காகப் புகையிலையோடு வெல்லமும் பழங்களும் சேர்த்துப் புளிக்க வைத்த 'கமீரா' நெடுங்காலமாக வழங்கிவருகிறது. நம் பக்கத்து வாய்ப்புகையிலையிலும் வெல்லப்பாகு தெளித்துப் பதப்படுத்துவது உண்டு. கசக்கும் இலைக்கு இனிப்புச் சட்டை போடும் வித்தை எல்லாத் தேசத்தாருக்கும் தெரிந்ததே.

"ஒயின் என்றால் மதுவிலக்குக் கொள்கை என்ன ஆவது?" என்று நாம் கேட்டோம். நண்பர் சிரித்தார். சாராயச் சத்து 78 டிகிரி உஷ்ணத்திலேயே ஆவியாகிவிடும். சுங்கானின் கிண்ணத்தில் எரியும் கங்கோ பல நூறு டிகிரி. ஆகவே ஒயின் புகையிலை பிடித்து ஒருவருக்கும் போதை ஏறாது. ஆனால் இந்தக் கணக்கின் மறுபாதியையும் போட்டுப் பார்க்கவேண்டும். எந்தச் சூடு சாராயத்தை விரட்டுகிறதோ அதே சூடு ஒயினின் நுண்ணிய மணங்களையும் விரட்டிவிடுகிறது. டப்பாவில் கம்பீரமாக வீற்றிருந்த திராட்சை, நெருப்பைக் கண்டதும் என்ன ஆகும்?

அதைத்தான் பார்க்கப் போனோம்.

சுங்கானில் இலை அடைப்பதற்கு ஒரு பழைய வாய்பாடு உண்டு. முதல் பிடியைக் குழந்தையின் கையால் அழுத்துவது போலவும், இரண்டாவதைப் பெண்ணின் கையால் போலவும், மூன்றாவதை ஆணின் கையால் போலவும் அழுத்தவேண்டும். நண்பர் அவ்வாறே அடைத்து, ஒருமுறை மேலாகப் பொசுக்கி, சாம்பலை மெதுவாக அமுக்கி, மறுமுறை பற்ற வைத்தார்.

முதல் பாகத்தில், "லேசான தித்திப்பு, தேன் தடவிய காகிதம் மாதிரி" என்றார். நமக்கோ திண்ணையின் மறுகோடியில் அற்புதமான வாசனை. கல்யாண வீட்டுக் கோட்டையடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது போல இருந்தது. "திராட்சை தெரிகிறதா?" என்று கேட்டோம். "உங்களுக்குத் தெரிகிறதா?" என்று அவர் நம்மைத் திருப்பிக் கேட்டார். "நன்றாகத் தெரிகிறது!" "எனக்குத் தெரியவில்லையே!" என்றார்.

இரண்டாவது பாகத்தில் தித்திப்பும் போயிற்று. சூடான, வெறும் புகை, அவ்வளவுதான் என்றார். வாசனையோ தெருவில் போகிறவர்களையும் திரும்பிப் பார்க்க வைத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது பாகத்தில் குழாய்க்குள் நீர் கோத்துக்கொண்டு 'களக் களக்' என்றது, கசப்பு வந்தது, நாக்கின் நுனி சுட்டது. கிண்ணத்தின் அடியில் எரியாத ஈர இலை ஒரு சிட்டிகை மிஞ்சிற்று. நண்பர் அதைத் தட்டிக் கொட்டிவிட்டுச் சுங்கானைக் கீழே வைத்தார்.

இந்த விபரீதத்துக்குக் காரணம் எளியதே. நாக்குக்குத் தெரிந்த சுவைகள் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு முதலிய சிலவே. திராட்சை என்றும் மாம்பழம் என்றும் பிரித்து அறிவது மூக்கின் தொழில். சுங்கான் பிடிப்பவர் தம் புகைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்; அவர் மூக்கு சீக்கிரத்தில் மரத்துப்போகிறது. பத்தடி தள்ளி இருப்பவருக்குத்தான் காற்றில் கரைந்த மெல்லிய மணம் கிடைக்கிறது. ஆக, காசு கொடுத்து வாங்கியவருக்குச் சூடும் கசப்பும். காசு கொடுக்காதவருக்குத் திராட்சை! வாசனைப் புகையிலையைப் போல இவ்வளவு பரோபகாரமான சரக்கு வேறு இல்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தப் பரோபகாரத்தில் மணம் மட்டும் வருவதில்லை. அதே காற்றில் புகையும் வருகிறது. பிறர் விடும் புகையும் நெஞ்சுக்குக் கெடுதல் என்பது வைத்தியர்கள் தீர்மானமாகச் சொல்லிவிட்ட விஷயம்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நண்பர் உள்ளே சென்று உறையூர்ச் சுருட்டு ஒன்றைக் கொண்டுவந்து நம் மூக்கருகே பிடித்தார். மாட்டுத் தொழுவமும் மழை பெய்த மண்ணும் கலந்த முரட்டு நெடி அடித்தது. "இதைப் பற்ற வைத்தாலும் இதே நெடிதான் அடிக்கும், அணைத்தாலும் இதேதான்" என்றார். நல்லதோ கெட்டதோ, சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இதற்குள் நண்பருடைய பேரன், ஆறு வயதுப் பையன், வாசனையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து ஓடி வந்தான். திறந்திருந்த டப்பாவுக்குள் மூக்கை விட்டு, "தாத்தா, இது ஜாமா? எனக்குக் கொஞ்சம்!" என்று கையை நீட்டினான். நண்பர் சட்டென்று மூடியைப் போட்டார். மருமகள் வந்து பையனை உள்ளே அழைத்துச் சென்றாள். அவன் போகும்போதும் டப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

வாசற்படியருகே உட்கார்ந்திருந்த நண்பரின் தாயார் அதுவரை வாய் திறக்கவில்லை. "எங்கே, அதை இப்படிக் கொடு" என்று டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தார். ஒரு காலத்தில் வெற்றிலையோடு புகையிலை போட்டவர். இலையின் காம்பைக் கிள்ளியே தரம் சொல்லக்கூடியவர். அவருடைய கணவரும் நாற்பது வருஷம் அந்த இலையை அடக்கிக்கொண்டிருந்தவர்தான். அவருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. திருச்சிக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் மீளவில்லை. அந்த வருஷத்தோடு அம்மாள் வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டார்.

"திராட்சைப் பழ வாசனைதான் வருது. பொகையிலை எங்கே தம்பி?" என்று நம்மைக் கேட்டார்.

"உள்ளே இருக்கிறது, அம்மா. வாசனை அதை மறைத்துக்கொண்டிருக்கிறது."

"அதுதான் தப்பு. பொகையிலைன்னா பொகையிலை நாத்தம் அடிக்கணும். அடிச்சாத்தான் புள்ளைங்க கிட்டப் போகாது" என்று சொல்லிவிட்டு, டப்பாவை மகனிடம் கொடுக்காமல் தம் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

மேல்நாட்டு விமரிசகர்கள் எழுதிய குறிப்புகளிலெல்லாம் இல்லாத அளவுகோல் ஒன்று அந்த வார்த்தையில் இருக்கிறது. பாடாலூர்ப் பக்கத்தில் வெங்காயப் பட்டறை பிரிக்கும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும்: அனுபவசாலியான வியாபாரி மேல் தோலின் நிறத்தைப் பார்த்து விலை பேசமாட்டார், உரித்து, நசுக்கி, நெடி பார்ப்பார். நெடி என்பது பொருளின் வாக்குமூலம். அதை அடித்துத் துரத்திவிட்டு வேறொரு வாசனையைக் குடியேற்றினால், பொருள் தன்னைப் பற்றிப் பேசும் சக்தியை இழந்துவிடுகிறது.

உள்ளே இருக்கும் இலையோ தன் தொழிலை மறப்பதில்லை. நிழலில் உலர்த்திய இலையின் புகை காரத்தன்மை உள்ளது. ஆகையால் சுங்கான் புகையையும் சுருட்டுப் புகையையும் நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும், வாயின் மெல்லிய தோல் வழியாகவே நிகோடின் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. வாய், தொண்டை, உணவுக்குழல், நுரையீரல் ஆகிய இடங்களில் புற்றுநோய் உண்டாவதற்குச் சுங்கானும் சுருட்டும் காரணமாகின்றன என்பது ஐயமற நிரூபிக்கப்பட்டிருக்கிறது. ஏற்றிய இனிப்பும் இதைத் தணிக்கவில்லை; சர்க்கரை எரியும்போது பார்மால்டிஹைடு போன்ற நச்சுகளும் கூடவே பிறக்கின்றன. நேர்மையைப் பொறுத்தவரை சுருட்டுக்கு நாம் கொடுத்த மார்க்கு நிற்கும். ஆரோக்கியத்தைப் பொறுத்தவரை சுருட்டுக்கும் பூஜ்யம், ஒயின் புகையிலைக்கும் பூஜ்யம்.

வெளி அலங்காரத்தைக் கண்டு மயங்கும் கதை நம் தேசத்தில் புகையிலை நுழைந்த நாளிலேயே தொடங்கிவிட்டது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பீஜப்பூருக்குத் தூது சென்று திரும்பிய அசத் பேக் என்பவர் அக்பர் சக்கரவர்த்தியின் முன் புகையிலையையும் இரத்தினம் இழைத்த குழாய் ஒன்றையும் வைத்தார். குழாயின் அழகைக் கண்டு சக்கரவர்த்தி வாயில் வைத்து இரண்டொரு முறை இழுத்தார். அரண்மனை வைத்தியர், "நம் நூல்களில் சொல்லப்படாத, சோதிக்கப்படாத சரக்கு இது" என்று தடுத்தார். சக்கரவர்த்தி அதோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் சபையிலிருந்த பிரபுக்கள் நிறுத்தவில்லை. அக்பரின் குமாரர் ஜஹாங்கீர் 1617-இல் புகையிலையைத் தடை செய்ய நேர்ந்தது. அதற்குள் இலை தேசம் முழுவதும் வேர்விட்டுவிட்டது. அன்றைக்கு இரத்தினக் குழாய். இன்றைக்குத் திராட்சை மணம். வேஷம் வேறு; நாடகம் ஒன்றே.

வாசனை யாரை அழைக்கிறது என்பது இன்று அரசாங்கங்களுக்கும் தெரியும். அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் பழ வாசனையும் மிட்டாய் வாசனையும் ஏற்றிய சிகரெட்டுகளைத் தடுத்தது. அவை சிறுவர்களை இழுக்கின்றன என்பதே காரணம். ஆனால் அந்தத் தடை சுங்கான் புகையிலையைத் தொடவில்லை. நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் புகையிலை விற்பதையும், புகையிலைக்கு விளம்பரம் செய்வதையும் விலக்கியது. நல்ல சட்டம். இருந்தாலும் சட்டம் கடை வாசலில் நிற்கும். டப்பா அலமாரிக்குள் வந்த பிறகு அதற்கு வேலையில்லை. மணத்தைக் காட்டிலும் பெரிய விளம்பரம் ஒன்று உண்டா? அதற்கு எழுத்தும் வேண்டாம், படமும் வேண்டாம், படிக்கத் தெரியாத குழந்தைக்கும் அது புரியும்.

இனி நம் தீர்ப்பைச் சொல்லிவிடுவோம். டப்பா மணத்துக்குப் பத்துக்கு ஒன்பது கொடுக்கலாம்; தொழில் தெரிந்த கைகள் செய்த காரியம் அது. அறை வாசனைக்கு எட்டு. நாக்குச் சுவைக்கு இரண்டுக்கு மேல் மனம் வரவில்லை. ஒயினின் பங்கு டப்பாவின் மூடியோடு முடிந்துவிட்டது. மொத்தத்தில், பிடிப்பவரைக் காட்டிலும் பிடிக்காதவர்களுக்காகச் செய்த புகையிலை இது. அவர்களிலும், இதுவரை புகையிலையை அறியாதவர்களை வா, வா என்று அழைக்கும் புகையிலை. ரஸிகருக்கு இது ஏமாற்றம், குடும்பத்துக்கு அபாயம்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1939-இல் பதிப்பித்த 'புகையிலை விடு தூது' என்னும் சிறு நூலில் இந்த இலைக்குப் பெயர் வந்த விதத்தைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை உண்டு. மும்மூர்த்திகளிடமும் ஆளுக்கு ஓர் இலையைக் கொடுத்து, மறுநாள் சபைக்குக் கொண்டுவரச் சொன்னார்களாம். சிவபெருமானுடைய வில்வத்தைக் கங்கை கொண்டுபோயிற்று. திருமாலுடைய துளசியைப் பாற்கடல் கொண்டுபோயிற்று. பிரம்மா மட்டும் தம் இலையைப் பத்திரமாகக் கொண்டுவந்து நீட்டி, மற்றவை போயின, என்னுடையது போகை இலை என்று பெருமை பேசினாராம். 'போகையிலை'தான் பின்னால் 'புகையிலை' ஆயிற்று என்பது கதை.

புலவர் விளையாட்டாகச் சொன்னார். நாம் வினையாகவே எடுத்துக்கொள்ளலாம். வேறு எந்த இலையும் வீட்டுக்குள் வந்தால் வாடும், உலரும், போகும். இந்த இலை ஒரு தலைமுறையின் வாய்க்குள் புகுந்துவிட்டால் இலேசில் போகாது. ஆகையால், அது எந்தப் பழத்தின் வாசனையைப் பூசிக்கொண்டு வந்து கதவைத் தட்டினாலும், வாசலிலேயே நிறுத்தி விசாரித்து அனுப்பிவிடுவது உத்தமம்.